வடிக்காமல் விட்ட தண்ணீர்

கயானி
ஜனவரி 12, ஞாயிறு

அன்புள்ள சில்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சளி காய்ச்சல் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், வாலன்சியாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். உன் புத்தாண்டு அட்டை வந்து பத்து நாளாகிறது, பதில் தாமதமாகிவிட்டது. போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ "பரவால்லம்மா, விடு" என்று சொல்லிவிடுவாய், அப்புறம் மீதிப் பாதியை நான் சொல்லமாட்டேன், அது எனக்கே தெரியும். அதனால்தான் தாளில். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் பந்தய பைக்கின் உள்ளே தண்ணீர் உறைந்துவிட்டது. இன்ஜின் தப்பித்ததா இல்லையா என்று இதை எழுதத் தொடங்கும் இந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. நீராவிக் குளியல் போடும் நம் சவுனாவின் உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், பைக் எனக்கு எதிரே நிற்கிறது, அடியில் இரண்டு பேசின் வைத்திருக்கிறேன். நாலு மணிக்குத் துய்ரே வந்து சோதித்துப் பார்ப்பாள். அதுவரை எழுதலாம்.

உன் குட்டித் தங்கை கெர்த்துவுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் விழுந்துவிட்டது, பள்ளிக்குப் பின்னால் உள்ள மேட்டில் பனிச்சறுக்குப் பழகுகிறாள், ஆறு வயதுக்கு அவளுக்குப் பயமே இல்லை, மற்ற பிள்ளைகள் வளைந்து வளைந்து இறங்கும்போது இவள் மட்டும் நேராக இறங்குகிறாள். நான் கீழே நின்று கத்தினால், உற்சாகப்படுத்தத்தான் கத்துகிறேன் என்று நினைத்துக் கையாட்டுகிறாள். யார்மோவுக்கு இந்த மாதம் காலை பஸ் ஓட்டும் முறை. விடிவதற்கு முன் கிளம்புகிறார், இந்தக் குளிரில் பஸ்ஸைச் சூடாக்கவே முக்கால் மணி நேரம் ஆகிறது என்று புலம்பல். இங்கே எட்டாம் தேதி மைனஸ் முப்பத்தொன்று. அன்றைக்குத்தான் கெர்த்துவின் பழைய பனிச்சறுக்குக் காலணியைத் தேடிக் கொட்டகைக்குப் போனேன். நீ போர்த்திவிட்டுப் போன சாம்பல் போர்வை ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. விலக்கிப் பார்த்தால் ரேடியேட்டரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் உப்பி மரக்கட்டையாய் இருந்தது, தட்டினால் சத்தம் வந்தது. ரேடியேட்டரின் கீழ்ப்பகுதி பிளந்து அந்தப் பிளவிலிருந்து ஐஸ் பலகை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

யார்மோவிடம் சொன்னதும் அவர் நேராகக் கெட்டிலை அடுப்பில் வைத்தார். "கொதிக்கக் கொதிக்க ரெண்டு கெட்டில் ஊத்தினா சரியாப் போயிடும், இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு" என்றார். நான் தடுத்துத் துய்ரேயைக் கூப்பிட்டேன். எங்கள் பள்ளியில் உலோகப் பட்டறை நடத்துகிறாளே அவள்தான், உன் சைலன்ஸருக்கு வெல்டிங் வைத்துக்கொடுத்தவள். போனிலேயே கத்தினாள், "அந்த மனுஷனைக் கெட்டிலோட வெளியே அனுப்பு மிர்வா! உள்ளே மைனஸ், மேலே கொதி தண்ணியா? இன்னும் விரியாம இருக்கிற இடமும் விரிஞ்சிடும். ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்னு யாராவது சாவியைத் தொட்டீங்க, நான் வந்து கையை ஒடிப்பேன்." மெதுவாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இளக வேண்டும், ஒரு நாளாவது ஆகும், சவுனாவில் கொண்டுபோய் வை, ஆனால் சூடான அறையில் இல்லை, உடை மாற்றும் அறையில், சின்ன அடுப்பில் ஒரு நேரத்துக்கு இரண்டு விறகுக்கு மேல் போடாதே என்றாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விறகு இழுக்கும் சறுக்குப் பலகையில் வைத்துக் கட்டி நானும் யார்மோவும் முற்றத்தைக் கடந்து இழுத்தோம். ஹேண்டில் கதவுக்குள் நுழையவில்லை, இடது பக்கத்தைக் கழற்றிவிட்டோம், திருகுகள் எல்லாம் ஜாம் பாட்டிலில் பத்திரமாக இருக்கின்றன. அறை முதலில் இரண்டு டிகிரி, சனிக்கிழமை காலை ஐந்து, இப்போது பதினொன்று. அதனால் நேற்று சனிக்கிழமை சவுனா இல்லை. கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் யார்மோ சவுனா இல்லாமல் கழித்த சனிக்கிழமை கெர்த்து பிறந்த அன்றைக்கு ஒன்றுதான். "மோட்டார்சைக்கிளுக்குச் சவுனா, எனக்கு ஷவர். பரவால்ல, முதுகு தேய்க்கணுமான்னு அதைக் கேட்டுட்டு வா" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் குளியலறைக்குப் போனதைப் பார்த்து நான் சிரித்தேன், பாதியில் நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்க இங்கே வந்துவிட்டேன்.

ஏனென்றால் யார்மோவும் துய்ரேயும் நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள். நான் மறக்கவில்லை சில்யா. செப்டம்பரில் கடைசிப் பந்தயம் முடிந்து நீ கிளம்பும்போது சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பந்தயத் தடத்தில், குளிரில் உறையாத கூலன்ட் திரவம் கொட்டினால் பின்னால் வருகிறவர்கள் வழுக்கி விழுவார்கள், அதனால் வெறும் தண்ணீரில்தான் ஓட்ட விடுவார்கள், அந்தத் தண்ணீர் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, உறைபனி விழுவதற்குள் வடித்துவிடு, பம்பின் அடியில் ஒரே ஒரு போல்ட், தெரிவதற்காகச் சிவப்பு நகப்பூச்சு வைத்திருக்கிறேன், பத்து நிமிஷ வேலை என்றாய். அக்டோபர் ஒன்பதாம் தேதி ஸ்பானரோடு போனேன். கீழே அட்டை போட்டு மண்டியிட்டு, அந்தச் சிவப்புப் புள்ளியில் ஸ்பானரைப் பொருத்தியும் விட்டேன். அப்புறம் எடுத்துக்கொண்டு எழுந்து கொட்டகையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். நாளைக்குச் செய்யலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நாளைக்கும் அதையே சொன்னேன். போன வருஷத்துக்கு முந்தின கோடையில் மூன்றாவது வளைவின் கம்பி வேலி ஓரம் நான் நின்றிருந்தேன், நீ சரிந்து சரளையில் உருண்டு போனது என் கண் முன்னால் நடந்தது. காலர் எலும்பு முறிந்த நிலையில் ஹெல்மெட்டைக் கழற்றி, "பின்னாடி வந்தவ கீழே விழலையே?" என்று நீ கேட்டாய். ஆம்புலன்ஸ்காரர் சிரித்தார். நான் அன்றிலிருந்து ஒவ்வொரு பந்தயத்துக்கும் காரிலேயே உட்கார்ந்திருந்தேன், நீ கவனித்தாயா தெரியாது, காபி வாங்கப் போனேன் என்று சொல்வேன்.

எட்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவள் நான். கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி, இரவு வெளியே வைத்து, காலையில் உடைந்ததைக் காட்டுவது ஒவ்வொரு நவம்பரும் என் பாடம். இந்த நவம்பரிலும் காட்டினேன், பிள்ளைகள் கைதட்டினார்கள், ஒரு பெண் கேட்டாள், "டீச்சர், இரும்பும் உடையுமா?" உடையும் என்றேன், எவ்வளவு அழுத்தம் வரும் என்று பலகையில் கணக்கும் போட்டேன். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கொட்டகைப் பக்கம் போகாமல் மீன் சூப் வைத்தேன். யாரும் எதுவும் செய்யாமல், குளிர் மட்டும் வந்து, இந்த வண்டி இல்லாமல் போய்விட்டால் நீ அடுத்த கோடையில் வேறு எதையாவது செய்வாய், அதில் யார் மேலும் குற்றம் இருக்காது என்று நினைத்தேன். நினைத்தேன் என்று இப்போதுதான் எழுதுகிறேன், அப்போது அதற்கு வார்த்தை கொடுக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று நீ "தண்ணி வடிச்சிட்டியாம்மா?" என்று கேட்டு அனுப்பினாய். நான் "ஆச்சு" என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு அரிசிக் கஞ்சியில் இலவங்கப்பட்டை தூவினேன். உன்னைப் பெற்றபோது எனக்குப் பதினெட்டு, கல்லூரியில் உன்னைத் தள்ளுவண்டியில் தூங்கவைத்துவிட்டுத்தான் பரீட்சை எழுதினேன், இந்த இருபது வருஷத்தில் உன்னிடம் எத்தனையோ விஷயம் மறைத்திருக்கிறேன், ஆனால் நீ நேராகக் கேட்டு நான் நேராகப் பொய் சொன்னது இது ஒன்று. பத்தாம் தேதி யார்மோ நல்ல மனசோடு சொன்னார், "மறந்துட்டேன்னு சொல்லிடு, அவ உன்னை ஒண்ணும் சொல்லமாட்டா." சொல்லமாட்டாய்தான். கதவுக்கு வெளியே கார் வந்து நிற்கிறது, துய்ரே வந்துவிட்டாள்.

மணி ஐந்தரை. அவள் போய்விட்டாள். நடந்ததைச் சொல்கிறேன். பேசினில் எல்லாம் வடிந்த பிறகு சிவப்புப் புள்ளி போல்ட்டை என் கையில் கொடுத்து "நீயே கழற்று" என்றாள், கழற்றினேன், அரை டம்ளர்கூட வரவில்லை. பிளந்த ரேடியேட்டரைத் தனியாக எடுத்துவிட்டு இன்ஜினுக்குப் போகும் இரண்டு வாயையும் அடைத்தாள், கைப்பம்பால் உள்ளே காற்று ஏற்றினாள், பம்பின் அளவுமானியில் முள் 1 என்ற எண்ணைத் தொட்டது. கால் மணி நேரம் முள் அசையாமல் நின்றால் பிழைத்தது என்றாள். இரண்டாவது நிமிஷத்திலேயே இறங்க ஆரம்பித்தது. அவள் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்துப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போனாள், சிலிண்டர்களின் பின்பக்கம், கார்புரேட்டருக்குக் கீழே, ஓரிடத்தில் நுரை சின்னச் சின்னதாய்க் குமிழியிட்டது. என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல். "இன்ஜின் பிளாக்கே போச்சு" என்றாள். "பாவம் பொண்ணு. மூணு கோடை மீன் பாக்டரியில நின்னு வாங்கின வண்டி." முள் இறங்கும்போது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், மூன்று மாதம் அதற்காகத்தானே காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. நுரையைத் துடைக்கத் துணி தேடினேன், அவ்வளவுதான்.

எண்ணெய் சுத்தமாக இருக்கிறது, ஸ்டார்ட் செய்யாததால் உள்ளே வேறு எதுவும் கெடவில்லை, மேல்பாகம் நன்றாக இருக்கிறது, விபத்தான வண்டியிலிருந்து பிளாக் மட்டும் கிடைக்கும், ஓலு நகரத்துப் பக்கம் விசாரிக்கலாம் என்கிறாள். "ஆனா அவ மறுபடி ஓட்டணுமா வேணாமான்னு அவளைப் பெத்தவ நீ யோசிச்சுக்கோ" என்றும் சொன்னாள். யோசிக்க வேண்டியது நான் இல்லை என்று அவளிடம் சொன்னேன். நீ சொல்லு. தேடு என்றால் தேடுகிறேன், கிடைத்தால் துய்ரேயின் பட்டறையில் நின்று பாகம் பாகமாக நானே கழற்றி நானே பூட்டுகிறேன், நான் தப்பு செய்யும் இடத்தில் அவள் திட்டுவாள், மே மாதம் நீ வரும்போது வண்டி ஓடும். வேண்டாம் என்றாலும், எனக்காக வேண்டாம் என்று சொல்லாதே. கோபம் இருந்தால் கோபத்தோடேயே எழுது, ஒரு மாதம் எழுதாமல் இருந்தாலும் புரிந்துகொள்வேன். எனக்குப் பயம் போகவில்லை, போய்விடும் என்று உனக்கு வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். அந்தப் பயத்தை வைத்துக்கொள்ள இனி உன் வண்டியில் இடம் தேடமாட்டேன், அது மட்டும் உறுதி.

அங்கே வெயில் என்று தலைமுடியை ஈரத்தோடு விட்டுவிட்டு வெளியே போகாதே, வாடகை ஸ்கூட்டரில் போனாலும் கையுறை போடு. யார்மோவிடமும் துய்ரேயிடமும் அக்டோபர் ஒன்பதைப் பற்றி நாளைக்கு நானே சொல்லிவிடுவேன், உனக்கு முதலில் தெரியட்டும் என்றுதான் இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. நீ எந்தத் தடத்தில் போனாலும் முழுசாகப் போய் முழுசாகத் திரும்பி வர வேண்டும், உன் கைகால் உனக்கு நீண்ட நாள் சொன்னபடி கேட்க வேண்டும். பிளாக் விஷயத்துக்குப் பதில் பிப்ரவரி முதல் வாரத்துக்குள் வேண்டும், அதற்கு மேல் போனால் மே மாதத்துக்குள் முடியாது என்கிறாள் துய்ரே.

உன் அம்மா,
மிர்வா