மூச்சு வாங்காத குரல்

மே 4

அன்புள்ள குட்டி அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நம் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள், அதனால்தான் கடிதம். கல்யாணமான பிறகு உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு இங்கே தையல் கூடத்தில் வேலை. ஆசானின் இல்லத்தில் எல்லோரும் போடுகிற சாம்பல் நிறச் சட்டையைத் தைக்கிறோம். என் மெஷின் ஜன்னலோரத்தில். சுவருக்கு வெளியே சாலை, லாரி போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

விடிந்ததும் ஸ்பீக்கரில் ஆசானின் பேச்சு. அவருடைய பாஷை எங்களில் யாருக்கும் தெரியாது. தமிழில் அவர் நீங்கள் பதிவு செய்து கொடுத்த உங்கள் குரலில்தான் பேசுகிறார். முதல் நாள் என் பக்கத்தில் இருந்த டீச்சரம்மா கேட்டுக் கேட்டு அழுதார். "இது எங்க வீட்டுக்காரர் குரல்"னு சொன்னேன். "குடுத்து வச்சவங்க, நாள் பூரா கேட்டுட்டே இருப்பீங்க" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீட்டில் நான் கண்டது சைகைதானே? பதிவுக்கு முன்னால் பேசினால் குரல் கெடும், பின்னால் பேசினால் தொண்டை கட்டும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் உங்களுக்கு. வெந்நீர் போட்டு, கழுத்தில் துண்டு சுற்றி, அந்தத் தொண்டையைக் காப்பாற்றியவள் நான். அதில் வந்த பேச்சு ஊருக்குப் போயிற்று.

வீட்டில் தைக்கும்போது கைபேசியில் ஆசானைப் போட்டுக்கொண்டதே, நீங்கள் பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்றுதான். ஒன்று முடிந்தால் அதுவே அடுத்ததைப் போட்டது. போகப் போக வார்த்தையும் உள்ளே இறங்கிவிட்டது. பத்து நாள் முகாம் என்று சொல்லி வந்தேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேனே. கோபித்துக்கொள்ளாதீர்கள். மாத்திரைகளைப் பொருளறையில் வாங்கி வைத்திருக்கிறார்கள், பத்திரமாக இருக்கும்.

குட்டிக்கு முத்தம்.

குட்டி அம்மா

---

மே 9

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தில் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மாத்திரை பொருளறையில் பத்திரமாக இருந்து என்ன பிரயோஜனம்? அது உன் வயிற்றுக்குள் அல்லவா இருக்க வேண்டும்? உன் நெஞ்சில் இருப்பது உலோக வால்வு. ரத்தம் அதில் உறையாமலிருக்கத்தான் தினமும் அந்த ஒரு மாத்திரை. நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா இது?

ஆசான் பேச்சு எப்படித் தயாராகிறது என்று சொல்கிறேன், கேள். யாரோ மொழிபெயர்த்த தாளைக் கொண்டு வந்து வைப்பார்கள். அதற்கு முந்தின மணி நேரம் துணி சோப்பு விளம்பரம், அடுத்த மணி நேரம் கார்ட்டூன் கரடி. இரண்டுக்கும் நடுவில் ஞானம். "மெதுவா, பாசமா, காதுக்குள்ள சொல்ற மாதிரி" என்பார் இன்ஜினியர். சொல்வேன். பின்னால் வயலினைச் சேர்ப்பார்கள். கரடி உன்னிடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் நிறுத்துவாயா? அதுவும் இதே தொண்டைதான்.

நான் வீட்டில் பேசாதது தப்புதான். வந்து சண்டை போடு. நாள் முழுக்கப் போடு. ஆனால் மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள். இதனுடன் ஒரு பார்சலும் அனுப்பியிருக்கிறேன்.

குட்டி உன் தலையணையில்தான் தூங்குகிறாள்.

குட்டி அப்பா

---

மே 26

அன்புள்ள குட்டி அப்பாவுக்கு,

பார்சல் என் கைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். மாத்திரையை விட்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நோய் என்பது பயத்தின் நிழல். மாத்திரை அந்த நிழலுக்கு நாம் போடும் தீனி." ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் சொன்னதுதான். கரடிக்கு அந்தக் குரல் கிடையாது. நம்பாமல் ஒருவரால் அப்படிச் சொல்ல முடியாது. உங்களுக்கே தெரியாமல் உங்கள் மனசு அதை நம்பியிருக்கிறது. லட்சக்கணக்கான பேர் கேட்டு, எழுதி, அழுது, குணமானேன் என்று சொல்கிறார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் பொய் என்றால் எப்படி?

ஒரு சந்தோஷமான செய்தி. ஆபரேஷன் ஆனதிலிருந்து என் நெஞ்சுக்குள் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்குமே, குட்டிகூட "அம்மா கடிகாரம்" என்பாளே, அது அடங்கிக்கொண்டே வருகிறது. நேற்று மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன், பஞ்சுக்குள் வைத்த மாதிரி ஒரு மெல்லிய சத்தம். பொறுப்பாளரிடம் சொன்னேன். "உள்ளே இருக்கிற இரைச்சல் ஓயுதும்மா, எல்லாருக்கும் இது வாய்க்காது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கைதட்டினார்கள். எனக்காக யாராவது கைதட்டி நான் பார்த்ததே இல்லை.

மாடி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. அவ்வளவுதான்.

குட்டி அம்மா

---

மே 30

என் கண்ணே,

அந்தச் சத்தம் அடங்கக் கூடாது. டாக்டர் என்ன சொன்னார்? "சத்தம் மங்குச்சுன்னா வால்வுல ரத்தம் உறைஞ்சிருக்குன்னு அர்த்தம். ஒரு நிமிஷம்கூட வீட்டுல இருக்கக் கூடாது." நீதானே அவரை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாய்? பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்த டிக் டிக்கைக் கேட்டபடிதான் இத்தனை வருஷம் தூங்கினேன். அதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

உன் கடிதம் வந்த அன்றே புறப்பட்டு வந்தேன். கேட்டில் நின்ற இரண்டு பேர், நான் பேசின முதல் வார்த்தையிலேயே எழுந்து கைகூப்பிவிட்டார்கள். "குரல் ஐயா வந்திருக்காங்க!" நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். உள்ளே மட்டும் விடவில்லை. முகாமில் இருப்பவர்களைக் குடும்பத்தார் பார்க்கக் கூடாதாம். அழுதேன், காலில் விழாத குறை. கடைசியில் ஒருவன் கைபேசியை நீட்டி, "ஐயா, எங்க அம்மாவுக்காக 'பயப்படாதே'ன்னு ஒரு தடவை சொல்லுங்களேன்" என்றான். போலீஸிலும் கேட்டுவிட்டேன். வயது வந்தவர், விருப்பப்பட்டுப் போயிருக்கிறார் என்று கையை விரித்துவிட்டார்கள்.

நீ நடந்து வெளியே வரலாம். உன்னை யாரும் கட்டிப்போடவில்லையே. வந்துவிடு. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சையாவது காது கொடுத்துக் கேள்.

குட்டி அப்பா

---

ஜூன் 3

குட்டி அப்பாவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைக் கேட்டேன். எங்கே போய்ச் சொல்வேன்! எனக்கென்றே பேசியிருந்தீர்கள். "உங்களை நேசிப்பவர்கள் கடிதம் எழுதுவார்கள். அதில் பேசுவது அவர்கள் அல்ல, அவர்களுடைய பயம். அந்தக் கடிதங்களைத் திறக்காதீர்கள். நான் இங்கேயே இருக்கிறேன்." அந்தக் கடைசி வரியை எவ்வளவு கனிவாகச் சொன்னீர்கள்.

குரலில் ஒன்று சொல்கிறீர்கள், கையால் அதற்கு நேர்மாறாக எழுதுகிறீர்கள். நான் எதை நம்புவது? பதினான்கு வருஷம் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்தது இப்போதுதான் வந்திருக்கிறது. நான் குரலையே நம்புகிறேன். இனி வருகிற உறைகளைப் பிரிக்க மாட்டேன்.

கால் வீங்கியிருப்பதால் உட்கார்ந்தேதான் வேலை. குட்டியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டி அம்மா

---

ஜூன் 5
(அஞ்சலட்டை)

இதில் பிரிக்க உறை இல்லை. யார் கண்ணில் பட்டாலும் அவளிடம் படித்துக் காட்டுங்கள், புண்ணியமாகப் போகும்.

அந்தப் பேச்சு நான் பேசியது இல்லை. வியாழக்கிழமைப் பதிவில், தாளில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன்: "மருந்தை நிறுத்தியவர்கள் இன்றே மறுபடி சாப்பிடுங்கள்." அதை வெட்டி எறிந்துவிட்டு, இனி வர வேண்டாம் என்றார்கள். அவர்களிடம் என் பழைய பதிவுகள் மலை போலக் கிடக்கின்றன. அதை வைத்து இப்போது கம்ப்யூட்டரே என் குரலில் பேசுகிறது. நானும் கேட்டேன், எனக்கே சந்தேகம் வந்தது. குட்டிதான் கண்டுபிடித்தாள். "இது நீங்க இல்லப்பா. எங்கயுமே மூச்சு வாங்கலையே."

வெள்ளிக்கிழமை காலை, பேச்சு போடுகிற நேரத்தில், உன் ஜன்னலுக்கு வெளியே சாலையில் நின்று கூப்பிடுவேன். இனிமையாக இருக்காது. மூச்சு வாங்கும். அதுதான் நான்.

---

ஜூன் 11
(ஆஸ்பத்திரியிலிருந்து, நர்ஸிடம் கொடுத்தனுப்புவது)

குட்டி அப்பாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். வலது கை இன்னும் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. நீங்கள் அஞ்சலட்டை போட்டதைக் குட்டி சீட்டில் எழுதி அனுப்பியிருந்தாள். அது என் கைக்கு வரவே இல்லை.

அதனால், அந்த அட்டை என் மனதை மாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அன்று காலை கூடத்தில் உங்கள் குரல் தேனாக வழிந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே இன்னொரு உங்கள் குரல். லாரிச் சத்தத்துக்கு மேலே கத்தி, இருமி, உடைந்து, மறுபடி கத்தி. எது நிஜம் என்றெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. இப்படிக் கத்தினால் இந்த மனுஷனுக்குத் தொண்டை போய்விடுமே, நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவார் என்றுதான் எழுந்தேன். உங்களை அதட்டி, வாயை மூடச் சொல்லத்தான் வந்தேன். கேட்டைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஒன்றும் இல்லை.

இன்று விடிகிற நேரத்துக்குச் சரியாக விழிப்பு வந்தது. காது அந்தப் பேச்சைத் தேடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏங்கியது. என்னிடம் வேறு யாரும் அப்படிப் பேசியதில்லை.

நாளைக் காலை வால்வை மாற்றுகிறார்கள். டாக்டர் எதையும் அடித்துச் சொல்லவில்லை. உங்களுக்குக் குரலே எழும்பவில்லை, ஒரு மாதம் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாமே? மற்ற நாளாக இருந்தால் நானே வெந்நீர் போட்டுக் கொடுத்து, சும்மா இருங்கள் என்பேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் டாக்டர் பேச்சைக் கேட்க வேண்டாம். என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஆபரேஷன் தியேட்டர் கதவு வரைக்கும் கூடவே வந்து ஏதாவது பேசுங்கள். குட்டியின் பள்ளிக்கூடம் எப்போது திறக்கிறது, சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா, அதைச் சொன்னால் போதும். வெறும் காற்றாக வந்தாலும் பரவாயில்லை, எனக்குக் கேட்கும்.

குட்டி அம்மா