வடக்கே சாய்ந்த படிகங்கள்

அக்டோபர் 6, டேராடூன்

ஹர்சில் மலைக்கிராமத்துக்கு மேலே எடுத்த கல்லின் தகடு மெருகேறி வந்துவிட்டது. முடியிழையைவிட மெல்லிய சீவல். நுண்ணோக்கியில் வைத்துத் திருப்பினேன்: குவார்ட்ஸ் மணிகள் ஒருசேர நீலம், ஒருசேர மஞ்சள். பூமிக்கடியில் நெருக்குண்டு எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்பதை ஒவ்வொரு மணியும் இன்னும் வைத்திருக்கிறது. எனக்கு நேற்றுச் சாப்பிட்டது நினைவில்லை.

அக்டோபர் 8

படிகங்கள் சாய்ந்த திசையைக் குறித்து முடித்தேன். பள்ளத்தாக்கின் மற்ற கற்கள் எல்லாம் ஒன்றையே சொல்கின்றன: மேல்பாறை தெற்கே தள்ளப்பட்டது. இது மட்டும் வடக்கே என்கிறது.

தகட்டைத் தலைகீழாக ஒட்டிவிட்டேனா? இல்லை, ஓரத்தில் திசை குறித்த வெட்டு சரியாக இருக்கிறது. அப்படியென்றால் பெயர்ப்பதற்கு முன் கல்லில் போட்ட வடக்கு அம்புதான் தப்பு. சுத்தியல் என் கையில் இருந்தது. அம்பு போட்டது என்னோடு களப்பணிக்கு வந்த தேவேஷ்.

அக்டோபர் 9

ஆய்வு வழிகாட்டி தங்வால் சார் படத்தைப் பார்த்தார். "அம்பு தப்புன்னா திருத்திக் குடு. சரின்னா கடைசி அத்தியாயத்தையே மாத்தணும். மாசக் கடைசிதான் கெடு, பாத்துக்கோ."

கேன்டீனில் தேவேஷிடம் கேட்டேன். "நான்தான் தலைகீழாப் போட்டிருப்பேன். குளிர்ல கை விறைச்சுப்போச்சு. திருப்பி வச்சு எழுதி முடிங்க."

அவ்வளவுதானா? ஒன்றுக்கு மூன்று தரம் திசைகாட்டியைப் பார்க்கிற ஆள். ஏன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்?

அக்டோபர் 10

திருப்பி வைத்தால் எல்லாம் பொருந்துகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 13, ஹர்சில்

தகடு வெட்டியதுபோக மிஞ்சிய கல்லோடு இருவரும் வந்தோம். டீக்கடை அண்ணி, ஊர்ப்பேச்சில் போஜி, சிரித்தாள். "எல்லாரும் எங்க மலையிலேர்ந்து கல்ல எடுத்துட்டுப் போவாங்க. திருப்பிக் கொண்டாந்தது நீங்கதான். பிடிக்கலியா?" தேவேஷ் தட்டில் மட்டும் இன்னொரு கரண்டி ராஜ்மா.

பெயர்த்த குழி அப்படியே இருந்தது. தேவேஷ் சொன்னபடி அம்பு தெற்கே பார்க்கக் கல்லை வைத்தேன், ஆடியது. திருப்பி வைத்தேன். ஈறில் பல் போல உட்கார்ந்துவிட்டது. அம்பும் திசைகாட்டி முள்ளும் ஒரே பக்கம்.

"அப்புறம் எதுக்குத் தப்புன்னு சொன்னீங்க?"

"நீங்க முடிக்கணும்னுதான். ஒழுங்காத் தூங்கியே எவ்ளோ நாளாச்சு உங்களுக்கு."

"அதுக்காகக் கல்லைப் பொய்யாக்கலாமா?"

"கல்லையா? என்னைத்தானே ஆக்குனேன்."

கோபப்படப் பார்த்தேன் — வரவில்லை. "எனக்காகத் தப்பானவரா ஆகாதீங்க" என்றேன். குழியிலிருந்து கல்லை எடுத்து அவர் பையில் வைத்தேன்.

அக்டோபர் 31

கெடு போயிற்று. அத்தியாயம் மறுபடி முதல் வரியிலிருந்து. நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த ஆண்டு, மே 11

வடக்கு அத்தியாயத்தோடு ஆய்வேடு போன மாதமே தேறிவிட்டது. இன்று எங்கள் இருவரின் புது வீடு. பாத்திரப் பெட்டிகூடப் பிரிக்கவில்லை. தேவேஷ் முதலில் எடுத்தது அந்தக் கல்லை. ஜன்னலில் வைத்து, திசைகாட்டி பார்த்து, மறுபடி பார்த்து, கொஞ்சம் நகர்த்தினார். அவர் அடுக்களைக்குப் போனதும் நானும் போய்ச் சரிபார்த்தேன்.

"சரியா இருக்கா?" உள்ளேயிருந்தே கேட்டார்.

"இருக்கு."

"அப்ப வந்து டீ போடு. எனக்கு அடுப்பு எங்க இருக்குன்னே தெரியல."