சின்னம்மாவின் அறை

ஜூன் 4, 2024

ஹட்டன் துணிக்கடையில் ஹஜ் பெருநாள் கூட்டம் தொடங்கிவிட்டது. வீட்டில் மகள் இஷ்ராவும் புதிதாய்ப் பிறந்த பேரனும். நல்லவேளை, இந்தப் பழைய பங்களாவை வாங்கியபோது நாகலெட்சுமியை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. முந்திய துரை வீட்டு ஆயா. பேச்சில்லை, வேலை சுத்தம். வட்டவளையில் வீடு வீடாகத் துணி சுமந்து விற்றவள் நான். ஆளைப் பார்த்தாலே எடை போட்டுவிடுவேன்.

ஜூன் 7

இஷ்ரா அழுகிறாள். “உம்மா, அவ கதவத் தட்டுறதில்ல. கண் முழிச்சா தலமாட்டுல நிக்கிறா. மகன அவட கையில குடுக்க ஏலாது.”

நாகலெட்சுமியிடம் கேட்டேன்.

“இது எங்க சின்னம்மா, தொரை மக ரூமுங்க. நான் வளத்த புள்ள. பிரசவம் முடிஞ்சு இந்தக் கட்டில்லதான் உசுரு போச்சு. இப்ப யாரு படுத்திருக்காங்கன்னு பாக்க வந்தேன்.”

சிரித்தாளா?

அறையை மாற்றலாம்தான். மற்றதெல்லாம் ஒழுகுகிறது. பெருநாள் முடியட்டும்.

ஜூன் 10

விடாத மழை. அறைக்குள் கரிச் சட்டி வைத்துச் சாம்பிராணி போடுகிறாள். இஷ்ரா ஜன்னலைத் திறக்கச் சொன்னாளாம். “பச்ச ஒடம்புல காத்து படக்கூடாது” என்று மூடிவிட்டாள். பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியும்வரை நாங்களும் அப்படித்தானே? நானும் அவள் பக்கமே பேசினேன். கரி மூட்டை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

ஜூன் 12

இஷ்ராவுக்குத் தலைவலி, வாந்தி, எந்நேரமும் தூக்கம். பிள்ளை அழுவதே இல்லை.

“பாத்தீங்களா, நல்லா அடங்கிப் போச்சு” என்கிறாள் நாகலெட்சுமி.

அடங்கிப் போச்சா?

ஜூன் 14

காலையிலிருந்து இஷ்ரா போனை எடுக்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். அறைக்கு வெளியே தாழ்ப்பாள். வாசலில் ஸ்டூல் போட்டு நாகலெட்சுமி. “தூங்குறாங்க, எழுப்பாதீங்க.”

தள்ளிவிட்டுத் திறந்தேன். சட்டி நிறையக் கரி கனிந்து கிடக்கிறது. ஜன்னல் இடுக்கெல்லாம் பழைய பட்டுச் சேலையைக் கிழித்துத் திணித்திருக்கிறாள் — யா அல்லாஹ் — என்ட பிள்ளை அசையல்ல. கண்ணாடியை உடைத்தேன். இரண்டு பேரையும் எப்படி வெளியே கொண்டு வந்தேன், தெரியாது.

ஆட்டோவில் ஏற்றும்போது பின்னாலேயே வந்து சொன்னாள்: “நோவே இருக்காதுங்க. சின்னம்மாவும் இப்புடித்தான் தூங்குனாங்க.”

ஜூன் 15

ஆஸ்பத்திரி. கரிப்புகை நஞ்சாம்; இரண்டு பேருக்கும் ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள். இஷ்ரா என் விரலைப் பிடித்தாள்.

பொலிசில் நாகலெட்சுமி சொன்னது: “ரூமு காலியானாத்தானே எங்க சின்னம்மா திரும்பி வரும்?”

ஜூன் 29

கடைக்கு மேலே உள்ள அறையில் இருக்கிறோம். பெருநாள் துணி பாதி அப்படியே கிடக்கிறது. பேரன் வீடு இடிகிற மாதிரி அழுகிறான். அழட்டும்.

ஜன்னல் திறந்திருக்கிறது. சாரல் என் படுக்கைவரை வருகிறது. மூட எழவில்லை.