வாசம் எப்படி இருக்கு, சொல்லு

என் அன்புக்குரிய ஜெனி அப்பாவுக்கு,

அங்கே முழங்கால் வலி இருக்காது என்று நம்புகிறேன். இங்கே தீபாவளி முடிந்து புதுப்பட்டி ஓய்ந்து கிடக்கிறது. பட்டாசுக் கம்பெனிகள் இன்னும் திறக்கவில்லை. மொட்டைமாடியில் உங்கள் ஒட்டு ரோஜா பூத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பட்டாசு மருந்து கலக்கிக் கலக்கி உங்கள் மூக்கு எப்போதோ செத்துப்போனது. அடுப்பில் கறி தீய்ந்தால்கூடத் தெரியாது. அப்படிப்பட்ட மனிதருக்கு வாசமுள்ள ரோஜாதான் வேண்டுமாம்! நர்சரியில் ஒவ்வொரு பூவாக என்னை முகரச் சொல்லித்தானே இதை வாங்கினீர்கள்?

பூக்கும்போதெல்லாம் கூப்பிடுவீர்கள். "ஏ செல்வி, இங்கன வா. வாசம் எப்படி இருக்கு, சொல்லு."

"ரோசாப்பூ ரோசாப்பூ மாதிரித்தான் இருக்கும். பின்னே கருவாடு மாதிரியா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். நீங்களும் சிரித்துக்கொள்வீர்கள்.

நீங்கள் போனபின் வந்த முதல் கல்லறைத் திருநாளுக்கு இந்தப் பூவைத்தான் கொண்டுவர வேண்டும் என்று இருந்தேன். ஆனால் செடி நெடுநெடுவென்று வளர்ந்து, இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து, பூவும் பொத்தான் அளவுக்குச் சிறுத்துவிட்டது. கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால்தான் இனிப் பூ உண்டு. கத்தரியை எடுத்ததும் உங்கள் அக்கா, மதினி, என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "தம்பி வச்ச செடிம்மா. சாவு விழுந்த வீட்ல பச்சையை வெட்டாத."

மதினி சொல்லைத் தட்ட முடியாமல் நாளைத் தள்ளினேன். கடைசியில் ஜெனிதான் சென்னையிலிருந்து போனில் கத்தினாள். "அப்பா வருசா வருசம் வெட்டுவாகளேம்மா! வெட்டாம எப்படிப் பூக்கும்?"

வெட்டினேன். நீங்கள் செய்வதுபோல வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே, சாய்வாக. வெட்டின இடத்தில் சாணியும் வைத்தேன். வெறும் குச்சிகள்தான் மிச்சம். மதினி மாடிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும் விடாமல் மீன் கழுவின தண்ணீரை ஊற்றினேன். பட்டுப்போனால் உங்களை இரண்டாம் முறை பறிகொடுத்த மாதிரி ஆகாதா?

துளிர்த்தது. ஆனால் கல்லறைத் திருநாளன்று மொட்டு பச்சையாகவே இருந்தது. கடைச் செவ்வந்தி மாலையோடு வந்தேன். அன்று உங்களிடம் சரியாகப் பேசக்கூட முடியவில்லை, கோபமில்லையே?

இன்று காலைதான் விரிந்தது. கத்தரியோடு போனேன், உங்களுக்குக் கொண்டுவர. பின்னாலேயே மதினி படியேறி வந்தார்கள். குனிந்து முகர்ந்தவர்கள் நிமிரவே இல்லை. "ஆத்தாடி, இம்புட்டு வாசமா! தம்பி இதை ஒரு நாள்கூட அறியலையே" என்று அழுதுவிட்டார்கள்.

நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். பூவைக் கல்லறைமேல் வைத்து என்ன பயன்? உங்களுக்கு வேண்டியிருந்தது பூவா? நான் சொல்வதல்லவா!

சொல்கிறேன், கேளுங்கள். கிட்டப் போனதும் எலுமிச்சைத் தோலைக் கிள்ளின வாசம். மூச்சை உள்ளே இழுத்தால் தேன். கொஞ்சம் நின்றால், அடியில் லேசாகக் கிராம்பு. வெயில் ஏறினதும் எலுமிச்சை போய்விடுகிறது, தேன்தான் நிற்கிறது. மதியம் போய்ப் பார்த்துவிட்டு அதையும் சொல்கிறேன்.

இனி ஒவ்வொரு பூவுக்கும் சொல்வேன். ரோசாப்பூ மாதிரி என்று மட்டும் சொல்லவே மாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி,
செல்வமேரி