டோல்கேட்டில் ஒரு பெட்டி திராட்சை

ஆடி 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. காமயகவுண்டன்பட்டியில் பழம் வெட்டி எட்டு மணிக்கு லோடு அனுப்பியாச்சு. பன்னீர் திராட்சை, திருச்சிக்கு. பதினொன்றரைக்கு டிரைவர் பால்ராஜ் போன்.

"மொதலாளி, டோல்கேட்ல நிக்கிறேன். ஆறு வாசல்ல ரெண்டுதான் தொறந்துருக்காக. லோடு வண்டிக்கு ஒண்ணே ஒண்ணு."

ஒரு மணி நேரம், வெயிலில். திருச்சி போய்ச் சேர்வதற்குள் பழம் காம்பை விட்டு உதிர ஆரம்பித்துவிட்டது. மண்டிக்காரர் ஜமால் கத்தினார்: "இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்." பதினோரு வருஷ வாடிக்கை. என் சரக்கில் பாதி அவர் கடைக்குத்தான்.

தலைவலி மாத்திரை வாங்கணும்.

ஆடி 13, புதன்

அதே காற்று. டோல்கேட் புகார் எண்ணுக்கு மூன்று தடவை அடித்தேன். முதலில் பாட்டு. பிறகு ஒரு பெண்: "உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி சார்." நான் எங்கே ஒத்துழைத்தேன்? மத்தியானம் மெசேஜ்: புகார் தீர்க்கப்பட்டது. அதே நேரம் மச்சினன் அங்கிருந்து போன்: "வரிசை பாலத்தத் தாண்டிருச்சு மாமா."

வெள்ளிக்கிழமை லோடோடு நானே போகிறேன்.

ஆடி 15, வெள்ளி

போனேன்.

பெரிய பச்சை போர்டில் வசதிகள்: கழிப்பறை (பூட்டு). குடிதண்ணீர் (குழாய் மட்டும்). புகார் புத்தகம் (மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கார்).

கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் ஸ்டிக்கரை மிஷின் ஒரு நொடியில் படிக்கிறது. காசு கழிந்து மெசேஜும் வருகிறது. குறுக்குக் கட்டை மட்டும் மேலே போகவில்லை. முன்னால் வாழைத்தார் வண்டி. டிரைவர் இறங்கி, கயிற்றை அவிழ்த்து, தார்ப்பாயைத் தூக்கி, பூத்துக்குள் ரெண்டு சீப்பு கொடுத்து, திரும்பக் கட்டினான். பிறகுதான் கட்டை மேலே. அடுத்து தேங்காய் வண்டி. நாலு காய். வண்டிக்கு அஞ்சு நிமிஷம். இதுதான் வரிசை!

எங்கள் முறை. நான் சொல்லாமலே பால்ராஜ் இறங்கி ஒரு பெட்டியைத் தூக்கினான்.

"ஏலே, எந்தக் கிறுக்கன்டா இத ஆரம்பிச்சு வச்சது?"

தலையைச் சொறிந்தான். "நீங்கதான் மொதலாளி. போன வருசம் நம்மள சீக்கிரம் விட்டாகன்னு ஒரு பெட்டி குடுக்கச் சொன்னீக. பொறவு வியாபாரிக சங்கத்துல எல்லார்ட்டயும் பெருமையாச் சொன்னீக."

ஆமாம், சொன்னேன். "ஒரு பெட்டிக்கு கேட்டு பறக்குதுப்பா" என்று. முட்டாள்.

"பெட்டிய உள்ள வைடா."

பூத்தில் இருந்தவன்: "டேக் ரீட் ஆகல சார். ஓரமாப் போடுங்க." மெசேஜைக் காட்டினேன். "எங்க சிஸ்டத்துல வரல." பின்னால் முட்டை லாரிக்காரர்: "ஒரு பெட்டியக் குடுத்துத் தொலைங்கண்ணே, வீடு போய்ச் சேரணும்ல!"

ஒன்றேகால் மணி நேரம் ஓரத்தில். கொடுக்கவில்லை. கடைசியில் அவனே கட்டையைத் தூக்கிவிட்டான்.

திருச்சியில் ஜமால் பழத்தைப் பார்க்கக்கூட எழுந்து வரவில்லை. "வேற ஆளுக்குச் சொல்லிட்டேன்."

ஆடி 16, சனி

காற்று குறைவு. பதினோரு வருஷம் போச்சு.

சங்கத்தில் சொன்னேன், இனி யாரும் எதுவும் கொடுக்கக்கூடாது என்று. தேங்காய் வியாபாரி செல்லம்மாள்: "மொதல்ல நீங்க நிப்பாட்டுங்கண்ணே. ஒங்க வண்டி ஓரத்துல நிக்கட்டும், எங்க வண்டி போகட்டும்." ஒரே சிரிப்பு. அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

திங்களன்று லோடு இல்லை. காலி வண்டியை நானே ஓட்டிக்கொண்டு அதே வாசலுக்குப் போகிறேன். என்ன கேட்பான், பார்ப்போம். கட்டை தூக்கும்வரை அங்கனயே நிற்பேன், ஓரத்துக்கு நகர மாட்டேன்.

வீட்டில்: "காலி வண்டிக்கு டோல் கட்டிட்டா சண்டைக்குப் போறீக?"

ஆமா.