இவர் போய் வந்த பழனி

4-4-94, திங்கள்

காலையிலேயே வெயில். சிறுவாணித் தண்ணீர் ஆறு மணிக்கு வந்தது, ஏழுக்கு நின்றது. ப்ளஸ் டூ எழுதி முடித்த கூட்டம் நான் சொல்லிக்கொடுக்கிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர ஆரம்பித்துவிட்டது. இன்று மட்டும் ஒன்பது பேர். நாள் முழுக்க ஏ எஸ் டி எஃப். காது வலி. மூன்றாம் மெஷினுக்கு ரிப்பன் வாங்க வேண்டும்.

இவர் இன்னும் வரவில்லை. மணி எட்டு. லேத் பட்டறையில் ஓவர்டைம் என்றால் காலையிலேயே சொல்லிவிடுவார். அப்பா எங்கே என்று சித்ரா இரண்டு தரம் கேட்டுவிட்டாள். வந்ததும் இருக்கிறது அவருக்கு.

5-4, செவ்வாய்

வரவே இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் சொல்லாமல் வெளியில் தங்கியது இதுதான் முதல் தடவை. ஆடி மாதம் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போவார், ஒரு ராத்திரி தங்குவார், ஆனால் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டுத்தான் போவார்.

ஒன்பது மணிக்குப் பட்டறைக்கே போய்விட்டேன். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் கேலண்டரைப் பார்த்துப் பேசினார். "நேத்து பத்து மணிக்கே கெளம்பிட்டாருங்க. ஏதோ கோயில் வேண்டுதல்னு சொன்னாருங்க. ஊட்ல சொல்லலீங்களா?"

சொல்லியிருந்தால் நான் ஏன் இங்கே வந்து நிற்கிறேன்.

இன்று சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டார்கள். மூன்று கிளை உள்ள வேப்பமரத்தைக் கிணற்றடியிலிருந்து தோளில் தூக்கி வருகிறவர்களில் வருஷம் தவறாமல் இவரும் உண்டு. இவர் இடத்தில் வேறு யாரோ. எதிர்வீட்டு மணியக்கா அத்தனை பேர் நடுவில் கேட்டது: "ஏனுங்கம்மணி, உங்கூட்டுக்காரரு எங்கீங்க?" கோயில் வேலையாகப் போயிருக்கிறார் என்றேன். "கம்பம் நடுற அன்னைக்கு வேறெந்தக் கோயிலுங்க?" என்றது.

கோபம். பயமும்தான். லாரி, ஆக்ஸிடென்ட் என்று என்னென்னவோ. வீட்டுக்கு வந்து சித்ராவைக் காரணமில்லாமல் அடித்துவிட்டேன்.

6-4, புதன்

விடியற்காலை ஈரத்துணியோடு நானும் சித்ராவும் போய்க் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினோம். மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. இன்னும் பதினான்கு நாள் ஊற்ற வேண்டும், 20ஆம் தேதி மாரியம்மனுக்குப் பொங்கல்.

மதியம் மூன்று மணி. இன்ஸ்டிட்யூட் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு மொட்டை இறங்கியது. யாரோ என்று மறுபடி பேப்பர் திருத்த உட்கார்ந்தேன். அந்த மொட்டை என் வீட்டுச் சந்துக்குள் திரும்பியது.

ஆள் இவரேதான். மீசையும் இல்லை. கையில் ஒரு பஞ்சாமிர்த டப்பா.

அவர் சொன்னது, சொன்னபடி: "போன வருசம் சித்ராவுக்கு டைஃபாய்டு வந்தப்ப வேண்டிக்கிட்டேன். பட்டறைப் பசங்க வேன்ல பழனி போனாங்க. அப்படியே ஏறிட்டேன்."

ஒரு ஸ்பீடு பேப்பர் திருத்துகிற மாதிரி இதைத் திருத்தினேன். பிழைகள்:

1. நேற்று நான் பட்டறைக்குப் போனபோது பசங்கள் அத்தனை பேரும் லேத்தில் நின்றிருந்தார்கள்.

2. மொட்டையில் சந்தனம் இல்லை. "வேர்வையில போயிருச்சு." காதோரத்தில்கூட மிச்சமில்லாமல் போகுமா.

3. வேண்டுதலுக்கு மொட்டை போடுகிறவர் மீசையை எதற்கு எடுத்தார்.

4. பஞ்சாமிர்த டப்பா காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலும் கிடைக்கும்.

5. பூச்சாட்டித் திருவிழா தொடங்கிய பிறகு ஊரை விட்டுப் போய் வெளியில் ராத்திரி தங்கக்கூடாது. அதை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்கிறவரே இவர்தான்.

இத்தனை பிழை விட்டால் லோயர் பரீட்சைகூடப் பாஸாக முடியாது. என் காதில் பூ சுற்றுகிறார், அதையும் ஒழுங்காகச் சுற்றத் தெரியவில்லை.

7-4, வியாழன்

கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது வாய்விட்டே வேண்டினேன். இவர் பொய்யை வெளியே கொண்டுவா ஆத்தா.

கிளம்பும்போது, "வெடியால ஈரத்தோட போகாத, சளி புடிக்கும்" என்றார். ஏப்ரல் மாத வெயிலில் சளி. நான் காதில் வாங்கவில்லை.

இவர் மட்டும் கோயில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மேளம் கேட்டால் கால் நிற்காது இவருக்கு, ராத்திரி பன்னிரண்டு வரை கம்பத்தைச் சுற்றி ஆடுவார். இந்த வருஷம் முட்டிவலியாம். கட்டிலில் படுப்பதில்லை, கீழே பாய். சாப்பாடு ஒருவேளைதான். கேட்டால், "பசியில்ல."

குழாயடியில் மணியக்கா யாரிடமோ: "பளனிக்குப் போனவரு மொகத்துல ஒரு தெளிவே இல்லீங்களே." எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது.

8-4, வெள்ளி

வேறொருத்தி இருக்கிறாள். எழுதிப் பார்த்துவிட்டேன். எழுதினால் ஆத்திரம் குறையும் என்று பார்த்தேன், இல்லை.

இந்த மனிதருக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தபோது என் அப்பா கேட்டார், "அப்பா அம்மா?" "ரெண்டு பேரும் இல்லீங்க." அப்பாவுக்கு மனது இளகிவிட்டது. மாமியார் தொந்தரவு இல்லாத இடம் என்று அக்காக்கள் எனக்குப் பொறாமையோடு வாழ்த்துச் சொன்னார்கள். எல்லாம் நானே என்று இருந்தேன். இருந்ததற்கு இதுதான் மரியாதை.

ஹையர் மாணவிகளுக்கு லெட்டர் டிக்டேஷன் கொடுக்கும்போது ஒரே வரியை மூன்று தரம் படித்தேனாம். சிரித்தார்கள். திட்டிவிட்டேன்.

ரிப்பன் வாங்க மறந்தாயிற்று.

9-4, சனி

விடியற்காலை பித்தளைக் குடத்தைக் காணவில்லை. வீட்டையே கவிழ்த்துத் தேடினேன். கடைசியில் சித்ரா சொன்னாள், நேற்று ராத்திரி அப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாராம். சின்னச் சொம்பில் ஊற்றிவிட்டு வந்தோம்.

"அடியில ஓட்டை. பத்த வைக்கக் குடுத்திருக்கேன்."

என் அம்மா கொடுத்த குடம். நேற்று வரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. பட்டறைக்கு ஆள் அனுப்பி வாங்கி வரச் சொன்னேன். மூலையில் சும்மா கிடந்ததாம். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஓட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை.

வேறொருத்தி இருந்தால் அவளுக்குப் புடவை வாங்கித் தரலாம், சினிமாவுக்குக் கூட்டிப் போகலாம். என் குடத்தை எதற்கு ஒளித்து வைக்கிறார். யோசித்து யோசித்துத் தலை வெடிக்கிறது.

10-4, ஞாயிறு

விடியற்காலை ஐந்து மணி. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன், சித்ரா சின்னச் சொம்போடு. இவர் வாசலை மறித்து நின்றார்.

"போக வேண்டாம்."

"ஏனுங்க?"

நிலையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"நகருங்க."

"ஆத்தாளுக்கு ஆகாது, வேண்டாம். புள்ளையையும் கூட்டிட்டுப் போகாத."

அப்போதுதான் உறைத்தது. மொட்டை, மழித்த மீசை, கீழே பாய், ஒருவேளைச் சாப்பாடு, கோயிலை மிதிக்காத கால். எங்கள் அப்பா செத்தபோது என் அண்ணன் இப்படித்தான் பதினாறு நாள் இருந்தான். குடத்தைக் கீழே வைத்தேன்.

"யாருக்குக் கொள்ளி வச்சீங்க?"

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "எங்கம்மாளுக்கு."

11-4, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன், ஒரு வரி விடாமல்.

மாமியார் இருந்திருக்கிறாள். போன திங்கட்கிழமை விடியற்காலை வரை உயிரோடு, அந்தியூர்ப் பக்கம் ஒரு ஊரில். இவருக்குப் பன்னிரண்டு வயதாகும்போது இவரையும் இவர் அப்பாவையும் விட்டுவிட்டு ஒரு நெசவுக்காரரோடு போய்விட்டாளாம். ஓடிப்போனவள் மகன் என்று தெரிந்தால் உங்கள் அப்பா பெண் கொடுத்திருப்பாரா என்று கேட்கிறார். கொடுத்திருக்க மாட்டார். அதை ஒப்புக்கொள்கிறேன். அது ஒரு நாள் சொன்ன பொய். அதற்குப் பிறகு நாலாயிரம் நாள் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டாரே, அதில் ஒரு நாள்கூடவா வாய் வரவில்லை.

இப்போது புரிகிறது அந்தியூர்ச் சந்தை. ஒரு ஆட்டுக்குட்டி வாங்கக்கூட வக்கில்லாத மனிதர், வருஷா வருஷம் குதிரை பார்க்கப் போகிறாரே என்று எத்தனை கேலி செய்திருக்கிறேன். எந்தக் குதிரை என்ன நிறம் என்று சித்ராவுக்குக் கதை வேறு. வரும்போது ஒரு பை கச்சாயம், வெல்லப் பலகாரம். சந்தையில் ஒரு கடையில் வாங்கியது என்பார். மற்ற கச்சாயத்தில் எள் பல்லில் மாட்டும், எனக்கு ஆகாது. அந்தக் கச்சாயத்தில் எள்ளே இருக்காது. மகராசி யாரோ எனக்கென்றே சுட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சொல்லித் தின்றேன். எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பட்டறைக்குத்தான் சாவுச் செய்தி போன் வந்ததாம். முதலாளிக்குத் தெரியும். பசங்களுக்குத் தெரியும். கொள்ளி வைத்தவர் பொண்டாட்டிக்குப் பஞ்சாமிர்தம்.

இதையெல்லாம்கூட விடுகிறேன். தீட்டோடு என்னையும் குழந்தையையும் நான்கு நாள் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற விட்டாரே. மனசு கேட்காமல் சளி என்றார், குடத்தில் ஓட்டை என்றார். ஆத்தாளிடம் பொய் சொல்ல அத்தனை பயம். என்னிடம் சொல்ல ஒரு பயமும் இல்லை.

12-4, செவ்வாய்

இவருக்குச் சோறு போடுகிறேன். பேச்சு இல்லை.

குழாயடியில் மணியக்கா: "மூணு நாளா கம்பத்துக்கு வரலீங்களே அம்மணி, ஒடம்பு செரியில்லீங்களா?"

"தீட்டுங்கக்கா. எங்க மாமியார் தவறிட்டாங்க."

"உங்க மாமியாரா? அவங்கதான் முன்னாலயே…"

"இல்லீங்க. போன வாரந்தான். அவங்க வேற ஒருத்தர்கூட அந்தியூர்ப் பக்கம் இருந்தாங்க. எனக்கே இப்பத்தான் தெரியும்."

மணியக்கா குடத்தைக் குழாயடியில் வைத்தது. பிறகு, "அடப் பாவமே. பதினாறு என்னைக்குங்க? மொறையெல்லாம் செரியாப் பண்ணிப்போடுங்க. கோயில்ல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு, பதினாறு முடிஞ்சு வர்ற செவ்வாய்ல அபிசேகம் பண்ணிக்கலாம்" என்றது. தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

அவ்வளவுதான். பதினோரு வருஷம் இவர் பயந்தது ஒரு குடம் நிறைகிற நேரத்தில் முடிந்துவிட்டது. பின்னால் பேசுவார்கள், பேசட்டும். ஒரு வாரமாக வேறென்ன செய்துகொண்டிருந்தார்கள்.

14-4, வியாழன்

வருஷப் பிறப்பு. வீட்டில் பாயசம் இல்லை. சித்ராவிடம் காரணம் சொன்னேன். "அப்பா பாத்த குதிரையெல்லாம் பொய்யா?" என்று கேட்டாள். அவரிடமே கேள் என்றேன். கேட்டாள். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

சாயங்காலம் முதல்முறையாக அவரே வந்து பேசினார். "பதினாறுக்கு நான் மட்டும் போய்ட்டு வந்தர்றேன்."

"நானும் வாரேன்."

"வேண்டாம் புள்ள. அங்க எல்லாரும் என்னமோ சொல்லுவாங்க."

"சொல்லட்டும். மருமகள் நான்."

முகம் வெளிறிப்போனது. ஓடிப்போன அம்மாவைப் பற்றிய வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் மெஷினுக்கு ரிப்பன் மாற்றியாயிற்று.

19-4, செவ்வாய்

இன்ஸ்டிட்யூட் லீவு. காலை ஐந்தே முக்கால் பஸ், கோபி வழி. சித்ராவை மணியக்காவிடம் விட்டேன். வழியெல்லாம் வெயில்.

ஓட்டு வீடு, முன்னறையில் தறி. தறியை நிறுத்திப் போட்டிருந்தார்கள். அந்த நெசவுக்காரர் எண்பது வயதுக் கிழவர், கண் சரியாகத் தெரியவில்லை. இவர் மொட்டையைத் தடவிப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுகொண்டார். வாசலில் ஏழெட்டுப் பெண்கள். நான் படியேறியதும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா எழுந்து செம்பில் தண்ணீர் கொடுத்தது. குரலில் அத்தனை மரியாதை.

"வாங்க அம்மணி. இப்பவாச்சும் லீவு கெடைச்சுதுங்களா?"

எனக்கு விளங்கவில்லை. என்ன லீவு என்றேன்.

"ஆடிக்கு ஆடி உங்க மாமியார் உங்களை எதிர்பார்த்துட்டே இருப்பாங்க. மருமவளுக்கு எள்ளு ஆகாதுன்னு தனியா மாவு கலக்கிச் சுடுவாங்க. வருசாவருசம் பையன் மட்டும் வந்து, அவளுக்கு லீவு இல்லம்மா, லீவு இல்லம்மான்னு. கடைசி நாள்லகூடக் கேட்டாங்க. படிச்ச புள்ள, எங்கூட்டுக்கு வர வெக்கப்படுதாட்ட இருக்குதுன்னாங்க."

செம்பைப் படியில் வைத்தேன். என்னிடம் அவளைச் சாகடித்து வைத்தார். அவளிடம் என்னைத் திமிர் பிடித்தவளாக்கி வைத்தார். பதினோரு வருஷம் ஒரு கிழவியின் வீட்டுக்கு நான் வர மறுத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

இவர் தூணோரம் தலை குனிந்து நின்றார். நேராகப் போய் எதிரில் நின்றேன்.

"சொல்லுங்க. இவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க."

"ஊட்டுக்குப் போயி…"

"இங்கயே சொல்லுங்க."

சொன்னார். "அவளுக்குத் தெரியாதுங்க. அம்மா செத்துப்போச்சுன்னு சொல்லி வச்சிருந்தேன்." அழுதார். யாரும் சமாதானம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கிழவர் மட்டும், "அவ காதுக்குக் கேக்காமப் போச்சே" என்றார். அவ்வளவு சொல்லிவிட்டுத் தறிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

படைத்த இலையில் கச்சாயம் இருந்தது. பக்கத்து வீட்டில் சுட்டதாம். சாப்பிடும்போது எனக்கும் இரண்டு வைத்தார்கள். முழுக்க எள். இரண்டையும் தின்றேன்.