பேய் ஊருக்குப் போய் வந்தோம்

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு நலம். அங்கே உங்கள் நலமும், உங்கள் மனைவி, பையன்களின் நலமும் அறிய ஆவல். வழக்கமாக உங்கள் மகளின் பரீட்சை முடிவை எழுதத்தான் கடிதம் போடுவேன். இது வேறு விஷயம். உட்கார்ந்து படியுங்கள்.

மலைமேல் நாம் விட்டு வந்த ஊர் இப்போது பிரபலம். ஆளில்லாத ஊர், பேய் உலாவுகிற ஊர் என்று யார் யாரோ வீடியோ போட்டு, விடுமுறை நாளில் கூட்டம் கூட்டமாக நடந்து ஏறுகிறார்கள். உங்கள் மகளின் கல்லூரித் தோழிகளும் கிளம்பினார்கள். தான் பிறந்த ஊர் அதுதான் என்று அவள் அவர்களிடம் மூச்சு விடவில்லை. "சித்தி, நீயும் வா. எங்க வீடு எதுன்னு மட்டும் காட்டு" என்றாள். துணைக்கு வருகிறவளாக நானும் போனேன்.

பாதி மலைவரை தார்ச்சாலை போட்டிருக்கிறார்கள், அத்தான். கழிப்பறைகூட இருக்கிறது. நாம் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போன சாலை. அக்காவுக்கு வராதது, பேய் பார்க்க வருகிறவர்களுக்கு வந்துவிட்டது.

மேலே கூரைகள் எல்லாம் விழுந்து கிடக்கின்றன. உங்கள் வீட்டுச் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அதில் யாரோ கரியால் மண்டையோடு வரைந்திருக்கிறார்கள். கூட்டிப்போன வழிகாட்டி அங்கேதான் எங்களை நிறுத்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்த வீட்டுப் பொண்ணைப் புருஷனே பள்ளத்துல தள்ளிட்டான். தள்ளிட்டு ஓடியே போயிட்டான். ஊரைக் காலி பண்ண வெச்சது அவதான். இன்னமும் அவனைத் தேடிக்கிட்டு இருக்கா" என்றான். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் பேர் என்ன என்று கேட்டாள். "பேய்க்கு எதுக்கும்மா பேரு" என்றான் அவன். மறுபடி சிரிப்பு. அவள் என் பக்கம் திரும்பி, இதுதானா வீடு என்றாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்த வழிகாட்டியோடு சண்டை போட்டிருக்கலாம். போட்டால் நாளைக்கு என்னையும் கதையில் சேர்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டேன்.

மலையிலிருந்து இறங்கி, பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான், "அப்பா தள்ளிட்டாரா சித்தி? அதனாலதான் வரவே இல்லையா?" என்று கேட்டாள்.

உங்கள் மேல் எனக்குள்ள கோபம் உங்களுக்குத் தெரியும். தலையை ஆட்டியிருந்தாலே போதும், இத்தனை வருஷத்து ஆத்திரமும் தீர்ந்திருக்கும். மனசு வரவில்லை. தள்ளவில்லை என்றேன். அவளைப் பெற்றபின் அக்காவுக்கு ரத்தம் நிற்காததைச் சொன்னேன். அந்த மழையில் தூக்க ஒருத்தரும் வராமல், நீங்கள் அக்காவை முதுகில் கட்டிக்கொண்டு தனியாக இறங்கியதைச் சொன்னேன். உயிர் போனது தெரிந்தும் இறக்கி வைக்காமல் ஆஸ்பத்திரி வாசல்வரை சுமந்ததை, நர்ஸ் என்னிடம் சொன்னபடியே சொன்னேன். ஓடிப்போனதை மட்டும் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"அப்போ என்னை ஏன் வந்து பார்க்கல?" என்றாள். ஊரைவிட்டுப் போன அன்று தொட்டில் பக்கம் திரும்பாமலே நீங்கள் படியிறங்கினதை நான் பார்த்தேன். அதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. தோழிகள் மன்னிப்புக் கேட்க வந்தார்கள். கதவைத் திறக்கவில்லை.

ஒரு தடவை வாருங்கள். லீவு இல்லை, வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பதில் எழுதாதீர்கள். உங்களை மலையேறச் சொல்லவில்லை. அவள் எதிரில் வந்து உட்காருங்கள். என்னிடம் கேட்டதை அவள் உங்களிடம் கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். அவளுக்கு அப்படியே அக்காவின் முகம். அதற்குப் பயந்துதான் வராமல் இருக்கிறீர்கள் என்றால், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே தினமும் தலைவாரிவிட்டது நான்தான் அத்தான்.

நீங்களும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் சித்தி